மீட்டருக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஏதாவது ஒரு பழைய கடைவீட்டின் மீட்டர் பலகையைப் பாருங்கள். தெருவிலிருந்து ஒரு கேபிள் வருகிறது. அதற்கு ஒரு ஃபியூஸ், அதை அடுத்து மீட்டர், மீட்டரின் மூடியில் ஒரு சின்ன முத்திரை. இந்த இடம் வரை மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் சொத்து. மீட்டரிலிருந்து வெளியே வரும் ஒயர் தொடங்கிக் கடைசி அறையின் பிளக் வரைக்கும் உள்ளதெல்லாம் கட்டட உரிமையாளரின் பொறுப்பு. கரண்டு போனால் எல்லாவற்றுக்கும் 'தெனாகாவைக் கூப்பிடு' என்று சொல்லிப் பழகிவிட்டதால் இந்தக் கோடு நம் கண்ணில் படுவதில்லை.

சுருஹான்ஜெயா தெனாகா, அதாவது மலேசியாவின் எரிசக்தி ஆணையம், என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள இந்தக் கோட்டிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. மீட்டருக்கு அந்தப் பக்கம் உள்ள நிறுவனங்களை அது உரிமத்தால் கட்டிப்போடுகிறது. இந்தப் பக்கம் உள்ள வேலையாட்களையும் சாமான்களையும் சான்றிதழால் கட்டிப்போடுகிறது. மீட்டரிலேயே தகராறு வந்தால் இரண்டு தரப்பின் காகிதங்களையும் வாங்கிப் பார்க்கிறது. ஆணையம் மின்சாரம் தயாரிப்பதில்லை, கம்பி இழுப்பதில்லை, பில் அனுப்புவதில்லை. அதன் கையில் இருப்பது சட்டமும் காகிதமும்தான். காகிதம் இல்லாத இடத்தில் அதன் கை நீளாது. இதை நம்மில் பலர் பிரச்சினை வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறோம்.

2001ஆம் ஆண்டு எரிசக்தி ஆணையச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டு, 2002 ஜனவரியில் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது இந்த ஆணையம். அதற்கு முன் இந்த வேலை ஓர் அரசாங்க இலாகாவிடம் இருந்தது. தலைமையகம் புத்ராஜெயாவில், வைரத்தைத் தலைகீழாக நிறுத்திய மாதிரி இருக்கும் கட்டடம். பினாங்கு, கெடா, பெர்லிஸ் வட்டாரத்தைச் செபராங் ஜெயா அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. சரவாக்குக்குத் தனிச் சட்டம், தனி ஏற்பாடு. சபாவும் 2024 ஜனவரியில் தன் சொந்த ஆணையத்துக்கு மாறிவிட்டது. ஆகவே இங்கே சொல்லப்படுவதெல்லாம் தீபகற்பத்துக்கு உரியது. கையில் உள்ள முக்கியச் சட்டம் 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டம். வீட்டு ஒயரிங் வரை இறங்கிவரும் விதிகள் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகளில் உள்ளன.

அந்தப் பக்கம்

1990 செப்டம்பரில் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் என்ற நிறுவனமாக மாறியது. 1993 முதல் தனியார் மின் நிலையங்களுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. 1992 செப்டம்பர் 29, 1996 ஆகஸ்ட் 3 ஆகிய இரண்டு நாள்களிலும் தீபகற்பம் முழுக்க இருண்டதை இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தயாரிப்பவர்கள் பலர், கம்பி வைத்திருப்பவர் ஒருவர் என்று ஆன பிறகு, இவர்களுக்கு நடுவே கணக்குப் பார்க்க யாராவது வேண்டும் அல்லவா? கம்பி வைத்திருக்கும் நிறுவனத்துக்கே சொந்த மின் நிலையங்களும் உண்டு. தன் நிலையத்திடம் ஒரு விலைக்கும் அடுத்தவர் நிலையத்திடம் வேறு விலைக்கும் வாங்கினால் யார் கேட்பது?

இதற்காகத் தெனாகாவுக்கு உள்ளேயே இரண்டு பிரிவுகளுக்கு வேலி போடப்பட்டிருக்கிறது. ஒன்று, எல்லா நிலையங்களிடமும் மின்சாரத்தை மொத்தமாக வாங்கும் ஒற்றைக் கொள்முதல் பிரிவு. மறுநாள் எந்த நிலையம் எந்த அரைமணி நேரத்தில் எவ்வளவு ஓடவேண்டும் என்ற அட்டவணையை, விலை குறைந்ததிலிருந்து அடுக்கி, இது தயாரிக்கும். இன்னொன்று மின்வலைய இயக்குநர் பிரிவு. கோலாலம்பூர் பங்சாரில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்து அந்த அட்டவணையை நிமிடத்துக்கு நிமிடம் நடத்துவது இதன் வேலை. இந்த இரண்டுக்கும் தனிக் கணக்கு, தனித் தகவல் பாதுகாப்பு. வேலி ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்பது ஆணையத்தின் கடமைகளில் ஒன்று. நிறுவனத்தைத் துண்டு துண்டாக உடைத்த நாடுகளோடு ஒப்பிட்டால் இது அரைகுறை ஏற்பாடுதான். ஆனாலும் வேலியே இல்லாத பழைய காலத்தைவிட எவ்வளவோ மேல்.

புதிய நிலையங்கள் கட்டும் விஷயத்தில் மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் தலைமுறைத் தனியார் ஒப்பந்தங்கள் நேரடிப் பேச்சுவார்த்தையில் முடிந்தவை. நிலையம் தயாராக நின்றாலே அதற்கு ஒரு தொகை, ஓடினால் எரிபொருளுக்கு இன்னொரு தொகை என்பது அவற்றின் அமைப்பு. இந்த முதல் தொகைதான் ஆண்டுக்கணக்கில் நம் பில்லில் உட்கார்ந்திருந்தது. 2012இல் ஆணையம் போட்டி ஏலத்துக்கு விட்ட திட்டத்தில்தான் நம் பினாங்கின் பிறை மின் நிலையம் வந்தது. 1,071 மெகாவாட், எரிவாயுவில் ஓடுவது, 2016இல் இயங்கத் தொடங்கியது. பிறகு வந்த பெரிய சூரியசக்திப் பண்ணைகளுக்கும் ஏலம்தான் வழி. ஏலத்தில் தோற்றவர் கேட்ட விலையும் பதிவில் இருக்கும். அதனால் வென்றவரின் விலை நியாயமா என்று கேட்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது. நேரடிப் பேச்சில் அந்த அளவுகோல் கிடையாது.

வலையத்தின் பாதுகாப்புக்கு மின்வலைய விதித்தொகுப்பு என்று ஒன்று உண்டு. அதன் உயிர்நாடி ஓர் எண்: 50 ஹெர்ட்ஸ். தயாரிப்பும் பயன்பாடும் ஒவ்வொரு விநாடியும் சமமாக இருந்தால் அலைவெண் 50இல் நிற்கும். தயாரிப்பு குறைந்தால் அலைவெண் இறங்கும். மஞ்சோங், போர்ட்டிக்சன் பக்கம் உள்ள நிலக்கரி நிலையங்களில் ஒரே இயந்திரம் 1,000 மெகாவாட் கொடுக்கும். அதில் ஒன்று திடீரென்று விழுந்தால் அந்த இடத்தை நிரப்ப, ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் மற்ற இயந்திரங்களில் இடம் மிச்சம் வைத்திருக்க வேண்டும். மிச்சம் போதாமல் அலைவெண் 49.5க்குக் கீழே சரிந்தால், தானியங்கி ரிலேக்கள் சில வட்டாரங்களைப் படிப்படியாகத் துண்டிக்கும். பார்க்கிறவர்களுக்கு 'காரணமே இல்லாமல் கரண்டு போச்சு' என்று தோன்றும். முழு வலையமும் சாயாமல் காப்பாற்றத்தான் அந்த ரிலே வேலை செய்தது. தீபகற்பத்தின் உச்சத் தேவை 2024இல் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. இத்தனை பெரிய பாரத்தில் மிச்சம் எவ்வளவு வைப்பது என்பது பணக் கேள்வியும் கூட. ஓடாமல் காத்திருக்கும் இயந்திரத்துக்கும் யாராவது காசு கொடுக்கவேண்டும்.

அந்தக் காசு பில்லுக்கு எப்படி வருகிறது? 2014 முதல் நடப்பில் உள்ள முறைப்படி, தெனாகாவின் செலவை மூன்றாண்டுக் காலத்துக்கு முன்கூட்டியே ஆணையம் எடைபோடுகிறது. கம்பி, துணைமின் நிலையம், மீட்டர் போன்ற சொத்துகளின் மதிப்பு எவ்வளவு, அதற்கு எத்தனை விழுக்காடு வருமானம் நியாயம், தேய்மானம் எவ்வளவு, நடத்தும் செலவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கூட்டி, அதை விற்பனையாகும் யூனிட்டால் வகுத்தால் அடிப்படைக் கட்டணம் வரும். முதல் காலக்கட்டத்தில் (2015–2017) அனுமதிக்கப்பட்ட வருமானம் 7.5 விழுக்காடு. அடுத்ததில் 7.3 ஆகக் குறைந்தது. ஒரு துணைமின் நிலையத்தைக் கணக்கில் காட்டிவிட்டுக் கட்டாமல் விட்டால், அல்லது மின்தடை நிமிடங்கள் இலக்கைத் தாண்டினால், அதற்குக் கணக்கு உண்டு. இப்போது நடப்பது நான்காவது காலக்கட்டம், 2025 முதல் 2027 வரை. அடிப்படைக் கட்டணம் யூனிட்டுக்கு 39.95 சென்னிலிருந்து 45.40 சென்னாக மாறி, 2025 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இந்தக் காலத்துக்கு அனுமதிக்கப்பட்ட மூலதனச் செலவு 42.8 பில்லியன் ரிங்கிட்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். ஆணையம் கணக்குப் பார்த்துப் பரிந்துரைக்கும். இறுதி ஒப்புதல் அரசாங்கத்துடையது. கட்டணம் ஏறும்போது ஆணையத்தைத் திட்டுவதும், இறங்கும்போது அரசியல்வாதிக்கு மாலை போடுவதும், இரண்டும் கணக்குத் தப்பு.

எரிபொருள் விலை மட்டும் இந்த மூன்றாண்டுக் கட்டுக்குள் அடங்காது. நிலக்கரியும் எரிவாயுவும் உலகச் சந்தையோடு ஆடும். முன்பு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டினார்கள். 2023 தொடக்கத்தில் பெரும்பாலான நடுத்தர, உயர் அழுத்தப் பயனீட்டாளர்கள் யூனிட்டுக்கு 20 சென் கூடுதலாகக் கட்டியது இந்தக் கணக்கில்தான். வீடுகளுக்கு அப்போது அரசாங்கம் தாங்கிக்கொண்டது. 2025 ஜூலை முதல் சரிக்கட்டல் மாதந்தோறும் நடக்கிறது. ஏற்றமோ இறக்கமோ 3 சென்னுக்குள் இருந்தால் தானாகவே பில்லில் வரும், அதைத் தாண்டினால் அரசாங்க ஒப்புதல் வேண்டும். மாதம் 600 யூனிட்டும் அதற்குக் கீழும் பயன்படுத்தும் வீடுகளுக்கு இது கிடையாது.

600 என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். நம் குடும்பங்களுக்குப் பெரிதும் பொருந்துவது அதுதான். புதிய வீட்டுக் கட்டணத்தில் ஒரு யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், வலையக் கட்டணம் 12.85 சென். கூட்டினால் 44.43 சென். இதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை கழியும். 200 யூனிட் வரை பயன்படுத்தினால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு, ஆக 38 வெள்ளி (ரிங்கிட்) 86 சென். பழைய கட்டணத்தில் அதே 200க்கு 43 வெள்ளி 60 சென். ஏழை வீட்டுக்கு உண்மையிலேயே குறைந்திருக்கிறது.

பயன்பாடு ஏற ஏறக் கழிவு குறையும், 1,000 யூனிட்டைத் தாண்டினால் கழிவே இல்லை. கழிவு மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால் ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னக் குதிப்பு இருக்கும். சரியாக 600 யூனிட் என்றால் கழிவு 9 சென், பில் 212 வெள்ளி 58 சென். ஒரே ஒரு யூனிட் கூடி 601 ஆனால் கழிவு 7.5 சென்னாக இறங்குகிறது. 600 வரை தள்ளுபடியாக இருந்த மாதம் 10 வெள்ளிச் சில்லறைக் கட்டணமும் சேர்ந்துகொள்கிறது. மொத்தம் 231 வெள்ளி 95 சென். ஒரு யூனிட்டுக்கு 19 வெள்ளி 37 சென் வித்தியாசம்! 300 யூனிட்டுக்கு மேல் போனாலே வரும் 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதியும், 600க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும், மாதாந்திர எரிபொருள் சரிக்கட்டலும் இதற்கு மேல்.

பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே மீட்டரில் ஏழெட்டுப் பேர் வாழும் தாமான் வீட்டுக்கு இந்த ஏற்பாடு நியாயமாக இல்லை. தலைக்கு என்று பார்த்தால் அவர்கள்தான் சிக்கனம். தனியாக வாழும் இருவர் 400 யூனிட் எரித்தால் அவர்களுக்குக் கிடைக்கும் கழிவு 17 சென். இதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதுவரை செய்யக்கூடியது எளிது: நாளுக்கு 20 யூனிட் என்பதுதான் 600இன் கணக்கு. ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் தெனாகாவின் செயலியில் அன்றாடப் பயன்பாட்டைப் பார்க்கலாம். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரவு 8 மணி நேரம் ஓடினால் சுமார் 4 முதல் 6 யூனிட். 3.6 கிலோவாட் ஹீட்டரில் பத்து நிமிடக் குளியல் 0.6 யூனிட், ஏழு பேர் குளித்தால் 4 யூனிட்டுக்கு மேல். மாதக் கடைசி வாரத்தில் 590இல் நின்றால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

தொழிற்சாலைகளுக்கு வேறொரு கோடு. 2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த எரிசக்திச் சிக்கனச் சட்டப்படி ஆண்டுக்கு 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் பயன்படுத்தும் இடங்கள் பதிவுபெற்ற எரிசக்தி மேலாளரை நியமித்து, தணிக்கை செய்து, ஆணையத்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டும். மின்சாரமாக மட்டும் பார்த்தால் இது 60 லட்சம் யூனிட். பாயான் லெப்பாஸில் குளிரூட்டிய உற்பத்திக் கூடங்கள் வைத்திருக்கும் பல ஆலைகளுக்கு இது பெரிய எண்ணே இல்லை.

இந்தப் பக்கம்

மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் ஆணையத்தின் முகம் இரண்டு இடத்தில்தான் தெரியும்: வயர்மேனின் சான்றிதழிலும், சாமானின் ஒட்டியிலும் (ஸ்டிக்கர்).

வயர்மேன் என்று சொல்லிக்கொள்பவர் எல்லாம் வயர்மேன் இல்லை. ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும். ஒற்றை ஃபேஸ் வேலைக்கு ஒரு தகுதி, மூன்று ஃபேஸ் வேலைக்கு வேறொன்று. சோதனை செய்து கையெழுத்துப் போடுவதற்குத் தனி அனுமதி. புது ஒயரிங்கோ பெரிய மாற்றமோ செய்தால் இரண்டு காகிதம் வரவேண்டும். வேலையை மேற்பார்த்து முடித்ததற்குப் போராங் (படிவம்) ஜி, சோதித்ததற்குப் போராங் எச். மின் இணைப்பு வாங்கும்போது ஒப்பந்தக்காரர் இவற்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், வீட்டுக்காரர் கையில் நகல் இருக்காது. நகல் கேளுங்கள். பிற்பாடு தீப்பிடித்தாலோ காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்டாலோ அந்த இரண்டு தாள்தான் பேசும்.

போராங் எச்சில் எழுதப்படும் எண்கள் வெறும் சடங்கு இல்லை. காப்புத்தடைச் சோதனையில் 500 வோல்ட் கொடுத்து அளந்தால் குறைந்தது 1 மெகாஓம் காட்டவேண்டும். பழைய வீட்டில் கூரை ஒழுகிக் குழாய்க்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் இந்த எண் சரிந்து நிற்கும். ஃபேஸ், நியூட்ரல் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு பிளக்கிலும் பார்க்கவேண்டும். எர்த் ஒயர் கடைசிவரை அறுபடாமல் போகிறதா என்று பார்க்கவேண்டும். கசிவுக் காப்பான ஆர்சிடிக்கு மேலே உள்ள 'டெஸ்ட்' பொத்தானை அமுக்கி விழுகிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வது போதாது. அந்தப் பொத்தான் உள்ளே இருக்கும் இயந்திரத்தை மட்டும்தான் சோதிக்கும், வீட்டின் எர்த்தைச் சோதிக்காது. கருவி வைத்து அளக்கும்போது, குறித்த அளவு மின்கசிவில் 300 மில்லிவிநாடிக்குள் விழவேண்டும். அதில் பாதி அளவில் விழவே கூடாது.

எத்தனை மில்லிஆம்பியர் ஆர்சிடி எங்கே என்பதையும் 1994 விதிகள் சொல்கின்றன. பிளக் புள்ளிகளுக்கும் கையில் பிடித்து வேலை செய்யும் சாதனங்களுக்கும் 30. குளியலறை ஹீட்டர் போன்ற ஈர இடத்துக்கு 10. இந்தப் பத்தைத்தான் பல வீடுகளில் காணோம். ஹீட்டர் மாட்டியதும் அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்ள, வேலைக்காரர் 10ஐக் கழற்றி 30 போட்டுவிட்டுப் போகிறார். அல்லது ஆர்சிடியையே சுற்றிக்கொண்டு நேரடியாக இணைத்துவிடுகிறார். விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஹீட்டரின் உள்ளே கசிவு, அல்லது ஆர்சிடிக்குப் பிறகு இந்த வட்டத்தின் நியூட்ரலை வேறு வட்டத்தின் நியூட்ரலோடு சேர்த்துவிட்டது. விழுவது நோயின் அறிகுறி. காப்பைக் கழற்றுவது மருந்தாகாது.

நிறக்குழப்பமும் உயிரை வாங்கும். இங்கே சுவருக்குள் போகும் ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். கடையில் வாங்கும் சாதனத்தின் வாலிலோ பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸ் உள்ள கடைவீட்டில் நீலத்தை நியூட்ரல் என்று நினைத்துத் தொட்டவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று ஃபேஸ் கடைவீட்டில் வரும் இன்னொரு கேடு: பழைய மெயின் சுவிட்சில் நியூட்ரல் திருகு தளர்ந்து விடுவது. நியூட்ரல் போய்விட்டால் 230 வோல்ட் என்பது கட்டுப்பாட்டில் இருக்காது. பாரம் குறைந்த ஃபேஸில் வோல்ட் 400 நோக்கி ஏறும், அதில் மாட்டிய ஃபிரிட்ஜ், கல்லாப்பெட்டி, விளக்கு எல்லாம் ஒரே நொடியில் புகையும். முன்னறிகுறி உண்டு. ஒரு பக்கத்து விளக்குகள் மங்கும்போது இன்னொரு பக்கத்து விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசிக்கும். அப்படிப் பார்த்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். பெயரளவு 230 வோல்ட். அனுமதிக்கப்பட்ட எல்லை மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு, அதாவது 216.2 முதல் 253 வரை. மீட்டர் முனையிலேயே இந்த எல்லையைத் தாண்டினால் அது அந்தப் பக்கத்துக் கோளாறு. மீட்டரில் சரியாக இருந்து உள்ளே தாண்டினால் நம் கோளாறு. யாரைக் கூப்பிடுவது என்று இந்த ஓர் அளவீடே சொல்லிவிடும்.

சாமான் விஷயத்துக்கு வருவோம். பிளக், சாக்கெட், நீட்டிப்பு ஒயர், அயர்ன் பெட்டி, மின்விசிறி, சோறு வடிக்கும் குக்கர், ஹீட்டர் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட சாமான்கள் ஆணையத்தின் ஒப்புதல் சான்றிதழ் இல்லாமல் நாட்டுக்குள் விற்கப்படக் கூடாது. தரச் சோதனை நிறுவனமான சிரிம், சுருஹான்ஜெயா தெனாகாவின் சுருக்கமான எஸ்டி, இரண்டு பெயரும் சேர்ந்த ஒட்டி அதற்கு அடையாளம். இணையத்தில் வரும் மலிவான நீட்டிப்பு ஒயர்களில் இது இருக்காது. உள்ளே செம்புக்குப் பதில் செம்பு பூசிய மெல்லிய கம்பி, எர்த் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத வெறும் பிளாஸ்டிக். ஒரு கெட்டிலையும் குக்கரையும் சேர்த்து மாட்டினால் போதும், உருகும். சிரிம் ஒட்டி வேறு, ஐந்து நட்சத்திர ஒட்டி வேறு என்பதையும் மறக்கவேண்டாம். முதலாவது பாதுகாப்பு, இரண்டாவது சிக்கனம். ஃபிரிட்ஜ், ஏர்கோன், தொலைக்காட்சி, மின்விசிறி, விளக்கு ஆகியவற்றுக்கு 2013 முதலே குறைந்தபட்சச் சிக்கன அளவு கட்டாயம்.

தைப்பூசம் நெருங்கும்போது தண்ணீர்மலைச் சாலையில் வரிசையாகத் தண்ணீர்ப்பந்தல்கள் எழும். அவற்றின் ஒயரிங்கும் இதே விதிகளுக்குள் வரும். தற்காலிகம் என்பதால் விதி தளராது. நனைந்த தரையும் வெறுங்காலும் உள்ள இடத்தில் விதி இன்னும் இறுகவேண்டும். பந்தல் குழுக்கள் செய்யும் தவறுகளில் மோசமானது ஜெனரேட்டர் பற்றியது. சிறிய கையடக்க ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதந்து நிற்கும். அந்த நிலையில் எத்தனை நல்ல ஆர்சிடி வைத்தாலும் முதல் கசிவுக்கு அது விழாது. ஏனென்றால் கசிந்த மின்னோட்டம் திரும்பிவர வழியே இல்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது கசிவு வேறிடத்தில் வரும்போது நடுவில் நிற்கும் ஆள் வழியாக அது முடியும். எர்த் கம்பி அடித்து, நியூட்ரலை அதோடு இணைத்து, அதற்குப் பிறகு 30 மில்லிஆம்பியர் ஆர்சிடி என்ற வரிசையைத் தகுதிபெற்ற வயர்மேன் போடவேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிளக்கில் இரண்டு தலையும் ஆண் பிளக்காக உள்ள ஒயரைச் செருகி ஜெனரேட்டரை ஓட்டுவது கொலைக்குச் சமம். அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக்கம்பிக்கு ஏறி, அங்கே தடையைச் சரிசெய்துகொண்டிருக்கும் தொழிலாளியின் கையில் போய் நிற்கும். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கோடு சேர்க்கவே கூடாது. 5 கிலோவாட்டைத் தாண்டிய ஜெனரேட்டர் என்றால் ஆணையத்தின் உரிமமும் வேண்டும். பெரிய பந்தல்கள் குத்தகைக்கு எடுக்கும் லாரி ஜெனரேட்டர்கள் எல்லாம் இதற்குள் வரும். குத்தகைக்காரரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது குழுத் தலைவரின் வேலை.

நடுவில் உள்ள மீட்டர்

தகராறு வெடிப்பது இங்கேதான். இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம் போகும்.

முதல் வகை, மீட்டர் தானாகவே கோளாறாகித் தப்பாக ஓடியது. யார் குற்றமும் இல்லை. இதற்குப் பின்தேதியிட்டு பில் திருத்தும்போது, விநியோக விதிகளின்படி மூன்று மாதத்துக்கு மேல் பின்னோக்கிப் போகக் கூடாது.

இரண்டாவது வகை, மீட்டரில் கைவைத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு. முத்திரை உடைந்திருக்கிறது, ஒயர் சுற்றிவிடப்பட்டிருக்கிறது என்று பரிசோதகர் எழுதுவார். இதற்கு 1990 சட்டத்தின் 37, 38ஆம் பிரிவுகள். மூன்று மாத வரம்பு இங்கே இல்லை. இழந்த வருமானம் என்று ஆண்டுக்கணக்கில் கேட்கலாம், இணைப்பையும் மூன்று மாதம் வரை துண்டிக்கலாம். கைவைத்தவர் யார் என்று கிரிமினல் வழக்கில்தான் நிரூபிக்கவேண்டும். பணத்தைக் கேட்பதோ கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம். முந்தைய வாடகைக்காரர் செய்தது என்று சொல்லித் தப்பிப்பது கடினம். கடையை வாடகைக்கு விட்டுவிட்டுக் கணக்கைத் தன் பெயரிலேயே வைத்திருப்பவர்கள், உள்ளே யாரோ பிட்காயின் போன்ற இணைய நாணயங்களை 'அகழும்' கணினிகளை இரவும் பகலும் ஓட்டியதற்குப் பெருந்தொகைக் கடிதம் வாங்குவது இப்படித்தான்.

ஆகவே கடையோ வீடோ கைமாறும் நாளில் செய்யவேண்டியவை: மீட்டர் எண், அளவீடு, முத்திரையின் எண் மூன்றும் தெளிவாகத் தெரியும்படி தேதியோடு படம் எடுங்கள். மீட்டருக்குப் பின்னாலோ பக்கத்திலோ தேவையில்லாத ஒயர் எதுவும் நுழைகிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடாமல், அன்றைக்கே எழுத்தில் தெனாகாவுக்குத் தெரிவியுங்கள். கணக்கைக் குடியிருக்கப்போகிறவர் பெயருக்கு மாற்றுங்கள். பழைய கணக்கை மூடும் இறுதி பில்லை வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தொகுதியின் நிர்வாகமே மின்சாரத்தை மொத்தமாக வாங்கித் தனித்தனி மீட்டரில் பிரித்து விற்கிறது என்றால், அப்படி விற்க அவர்களுக்கு ஆணையத்தின் விநியோக உரிமம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

புகார் என்றால் முதல் படி தெனாகாதான், நேரே ஆணையத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தொலைபேசியில் பேசினாலும் புகார் எண்ணை வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் அந்த எண்ணோடு, கடந்த ஆறு மாத பில், மீட்டர் படங்கள், வந்த கடிதங்கள், நீங்கள் அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஆணையத்துக்கு அனுப்புங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில், என்ன வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். 'பில் அநியாயம்' என்ற வரியை வைத்து ஓர் அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. 'மார்ச்சில் 480 யூனிட், ஏப்ரலில் 1,310 யூனிட், வீட்டில் புதிய சாதனம் எதுவும் இல்லை, மீட்டரைச் சோதிக்கக் கேட்கிறேன்' என்றால் அவருக்கு வேலை தொடங்கிவிடும். மீட்டர் சோதனைக்குச் சம்மதிக்கும் முன், எல்லா மெயினையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அளவீடு நகர்ந்தால் மீட்டரில் கோளாறு, அல்லது மெயினுக்கு முன்னால் யாரோ ஒயர் எடுத்திருக்கிறார்கள். நகராமல் நின்றால் முதலில் ஹீட்டர், தண்ணீர்ப் பம்பு, பழைய ஃபிரிட்ஜ் மூன்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் தமிழில் உதவி கேட்கலாம்.

மின்விபத்து நடந்தால் நிலைமை வேறு. ஆள் அடிபட்டாலோ இறந்தாலோ ஆணையத்துக்கு உடனே அறிவிக்கவேண்டும், விசாரணை அதிகாரி வரும்வரை அந்த இடத்தில் எதையும் மாற்றக் கூடாது. மெயினை அணைத்து, ஆளைக் காப்பாற்றிய பிறகு, அறுந்த ஒயரையும் கருகிய சாக்கெட்டையும் கழற்றிக் குப்பையில் போடத் தோன்றும். போட்டுவிடாதீர்கள். ஆர்சிடி எந்த நிலையில் இருந்தது, எர்த் ஒயர் எங்கே விட்டுப்போயிருந்தது, சாக்கெட்டில் ஒட்டி இருந்ததா என்பதையெல்லாம் அதிகாரி அவற்றிலிருந்துதான் படிப்பார்.